ரசீது வேறு, வழக்கு வேறு

பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் கையிலிருந்து, பைக்கில் வந்த இருவர் செல்போனைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். அங்கே அவரை யாரும் விரட்டுவதில்லை. உட்காரச் சொல்கிறார்கள், நடந்ததைக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு கனிவாக ஒரு யோசனை வருகிறது: “போன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க சார். பறிச்சுட்டாங்கன்னு போட்டா கோர்ட்டு, கேசுன்னு நீங்கதான் அலையணும். இதுன்னா இன்னைக்கே டூப்ளிகேட் சிம் வாங்கிடலாம்.” அவரும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார். கைக்கு ஒரு ரசீது வருகிறது. அதில் எண், தேதி, முத்திரை எல்லாம் இருக்கின்றன. புகார் கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார். அரசாங்கத்தின் கணக்கில் அன்று அந்த நிறுத்தத்தில் ஒரு குற்றமும் நடக்கவில்லை.

காவல் நிலையம் என்றாலே நமக்குப் பயம், அதனால்தான் மக்கள் புகார் கொடுக்க வருவதில்லை என்று சொல்வது வழக்கம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் பயத்தைத் தாண்டி உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர் வெறும் ரசீதோடு வெளியே வருகிறார்களே, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. புகார் கொடுப்பது ஒரு காரியம், வழக்குப் பதிவாவது இன்னொரு காரியம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் நம் ஊரின் சாதாரணக் குற்றங்கள், அதாவது செல்போன் பறிப்பு, பைக் திருட்டு, சீட்டுப் பண மோசடி, அடிதடி போன்றவை, விழுந்து காணாமல் போகின்றன. இந்தப் பள்ளத்தை மூடும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை. கேட்டு வாங்கினால் நமக்கு மட்டுமல்ல, ஊருக்கும் அதில் லாபம் உண்டு என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்த ரசீதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். சமுதாயப் பணிப் பதிவேட்டில் உங்கள் மனு ஏறியிருக்கிறது என்பதற்கான ஒப்புகை அது. தொலைந்த சான்றிதழுக்கும், பக்கத்து வீட்டுத் தகராறுக்கும், கொடுக்கல் வாங்கல் பிணக்குக்கும் அது போதும். நியாயமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடும்கூட. மனுவை வாங்கவே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் குற்ற நடைமுறைச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் சி.எஸ்.ஆர். என்ற சொல்லே அகப்படாது. அது காவல்துறை தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பதிவேடு. அதில் ஏறிய மனுவை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை, நீதிமன்றத்துக்கு நகல் போவதில்லை, குற்றக் கணக்கிலும் சேர்வதில்லை. முதல் தகவல் அறிக்கை என்கிற எஃப்.ஐ.ஆர். அப்படிப்பட்டதல்ல. அது பதிவானதும் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும், விசாரணை அதிகாரி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், கடைசியில் குற்றப்பத்திரிகையோ வழக்கை முடிக்கும் அறிக்கையோ ஏதாவது ஒன்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தே தீர வேண்டும். சி.எஸ்.ஆர். நிலையத்துக்குள்ளேயே பிறந்து நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம்.

எஃப்.ஐ.ஆர். போடுவதும் போடாததும் இன்ஸ்பெக்டரின் விருப்பம் என்று படித்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, லலிதா குமாரி வழக்கில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தலைமை நீதிபதியாக இருந்தவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான பி. சதாசிவம். ஒரு சிறுமியைக் காணவில்லை என்று தகப்பன் கொடுத்த புகாரை உத்தரப் பிரதேசக் காவல்துறை உடனே பதிவு செய்யாததில் தொடங்கிய வழக்கு அது. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று நடந்திருக்கிறது என்று தகவல் சொன்னால் வழக்குப் பதிவு கட்டாயம். தகவல் நம்பத்தக்கதா என்று ஆராய்வதெல்லாம் பதிவுக்குப் பிறகு என்றது தீர்ப்பு. குடும்பத் தகராறு, வணிகப் பிணக்கு, மருத்துவ அலட்சியம், ஊழல், மாதக்கணக்கில் தாமதமாக வந்த புகார் போன்றவற்றில் மட்டும் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று விலக்கு கொடுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, நடைமுறைச் சட்டம் என்றே சொல்லிக்கொள்வோம்) இந்தக் கடமையை 173ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. “அது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்ற பழைய பல்லவிக்கு இனி இடமில்லை. முன்பு நீதிமன்ற உத்தரவுகளிலும் அரசுச் சுற்றறிக்கைகளிலும் இருந்த ஜீரோ எஃப்.ஐ.ஆர். இதன் மூலம் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பதிவு செய்யும் நிலையம் வழக்கை உரிய இடத்துக்கு அனுப்பிக்கொள்ளும். வாயால் சொன்னாலும் போதும். அதை எழுதி உங்களுக்குப் படித்துக்காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மின்னஞ்சலிலும் இணையத்திலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டால் கொடுக்கும் சலுகை என்று நினைக்க வேண்டாம், அது உரிமை.

அதே 173இல் புதிதாக ஒரு வாசலும் திறந்திருக்கிறது, எனக்கு அதில் சந்தேகம் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தி, பிறகு வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாமாம். திருட்டுக்கான தண்டனை மூன்று ஆண்டு வரை. ஆகவே நம் சாதாரணக் குற்றங்களில் பெரும்பகுதி இந்த வாசலுக்குள் வந்துவிடுகிறது. லலிதா குமாரி தீர்ப்பு இறுக்கிக் கட்டிய முடிச்சை நாடாளுமன்றம் கொஞ்சம் தளர்த்திவிட்டது. ஆனாலும் இதில் பிடித்துக்கொள்ள இரண்டு பிடி இருக்கிறது. டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாள் என்ற கெடுவும் உண்டு. “விசாரிச்சுட்டுச் சொல்றோம்” என்று நிலையத்தில் சொன்னால், அனுமதி வாங்கியாயிற்றா, எந்தத் தேதியிலிருந்து 14 நாள் என்று கேட்கலாம்.

நடந்ததை எந்தப் பெயரில் சொல்கிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. நாம் எல்லாவற்றையும் “திருடு போச்சு” என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அவை வேறு வேறு. உங்களுக்குத் தெரியாமல் பையிலிருந்து எடுத்தால் திருட்டு. கையிலிருந்தோ கழுத்திலிருந்தோ வெடுக்கென்று பிடுங்கினால் அது பறிப்பு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் புதிதாக வந்திருக்கும் தனிக் குற்றம். கத்தியைக் காட்டியோ அடித்தோ பிடுங்கினால் வழிப்பறி, அதாவது கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை. ஒப்படைத்த நகையையோ பணத்தையோ ஒருவர் அமுக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடி. ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லி வாங்கியிருந்தால் ஏமாற்று. தண்டனை மட்டுமல்ல, போலீஸ் உடனே இறங்கி விசாரிக்க முடியுமா முடியாதா என்பதே இதனால் மாறலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் திருட்டு, போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அவர்கள் தொட முடியாது. ஒரு தினக்கூலியின் பழைய செல்போன் அந்த மதிப்புக்குள் வந்துவிடும். அது அவருக்கு வேலை சொல்லும் போன், வங்கிக் கணக்கு, பிள்ளையின் படிப்பு எல்லாமே என்பதை அட்டவணை எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. ஆனால் அதே போன் கையிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தால் அது பறிப்பு. மதிப்பு என்னவாக இருந்தாலும் போலீஸ் விசாரித்தே ஆக வேண்டும். “பிடுங்கிக்கொண்டு போனார்கள்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “தொலைந்துவிட்டது” என்று எழுதச் சொல்வதால் எத்தனை பெரிய வேலை மிச்சமாகிறது பாருங்கள்.

நிலையங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? சோம்பல், லஞ்சம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். என் பார்வையில் பெரிய காரணம், நாம் காவல்துறையை அளக்கும் படி தப்பான படி. மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி, போன மாதத்தைவிட இந்த மாதம் பறிப்பு ஏன் கூடியது என்று இன்ஸ்பெக்டரைக் கேட்கிறார். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி அதையே அரசைப் பார்த்துக் கேட்கிறது. நாளிதழ் அதையே தலைப்பாக்குகிறது. எண்ணிக்கை கூடினால் திட்டு விழும் என்றால், எண்ணிக்கையைக் குறைக்க மலிவான வழி குற்றத்தைத் தடுப்பதா, எழுதாமல் விடுவதா? எழுதுகிற இன்ஸ்பெக்டர் கெட்ட பெயர் வாங்குகிறார், எழுதாதவர் பாராட்டு வாங்குகிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில், குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்றும், பதிவு கூடியதை வைத்துக் காவல்துறை தோற்றுவிட்டதாக முடிவு கட்டுவது தவறு என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. அட்டவணையை மட்டும் எல்லாரும் படிக்கிறார்கள். அந்த அட்டவணைகளில் கேரளத்தின் குற்ற விகிதம் தேசியச் சராசரியைவிடப் பெரிதும் கூடுதல், உத்தரப் பிரதேசத்தினுடையது குறைவு. திருவனந்தபுரத்தைவிடக் கான்பூரில் இரவில் நிம்மதியாக நடக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்வீர்களா?

பதிவு என்பது சட்டம் வற்புறுத்தினால் மாறக்கூடியது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2013இல் கொண்டுவந்த திருத்தம், பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத்தண்டனை என்றது. 2012இல் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 24,923. அடுத்த ஆண்டு 33,707. குற்றத்தின் வரையறையும் அந்த ஆண்டு விரிவடைந்தது, சம்மத வயதும் உயர்ந்தது. ஆகவே உயர்வு முழுவதும் பதிவு மறுப்பு குறைந்ததால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியதை, ஆண்கள் திடீரென அவ்வளவு கெட்டுப்போனார்கள் என்று விளக்கிவிட முடியுமா? அதுவரை வாசலோடு திரும்பியவர்கள் உள்ளே போகத் தொடங்கினார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம். அந்தத் தண்டனைப் பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் 199ஆக இன்றும் இருக்கிறது: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோவிலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதைப் போலப் பதிவு செய்யாத அதிகாரியைத் தண்டிக்கும் பிரிவுகள் உண்டு. வன்கொடுமைச் சட்டத்தில் பூர்வாங்க விசாரணையே தேவையில்லை என்று 2018இல் தனியாகத் திருத்தம் வந்தது.

மனம் வைத்தால் நம் காவல்துறை எவ்வளவு வேகமாக எஃப்.ஐ.ஆர். போடும் என்பதைக் கொரோனா ஊரடங்கின்போது தமிழகம் பார்த்தது. தெருவில் நின்றதற்கும் வண்டி எடுத்ததற்கும் வழக்குகள் குவிந்தன. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஏறத்தாழ பத்து லட்சம் ஊரடங்கு மீறல் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். பத்து லட்சம் வழக்கு எழுத அப்போது தாள் இருந்தது, ஆள் இருந்தது, நேரமும் இருந்தது.

இதற்கு எழும் ஆட்சேபங்களில் வலுவானது பொய்ப் புகார் பற்றியது. கேட்டவுடன் எஃப்.ஐ.ஆர். போட்டால் ஆகாதவன் மேலெல்லாம் வழக்கு விழும், பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் கெடும் என்கிறார்கள். இதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். நம் நாட்டில் வழக்கின் முடிவைவிட வழக்கே பெரிய தண்டனை. ஆனால் எஃப்.ஐ.ஆர். என்றால் கைது என்று பொருளல்ல. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், தேவையான காரணம் இல்லாமல் கைது செய்யக் கூடாது, ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். விசாரணையில் பொய் என்று தெரிந்தால் வழக்கை முடித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். ஆகவே பொய்ப் புகாருக்கு மருந்து விரைவாக முடித்து வைப்பது. வாசலிலேயே மறித்தால் பொய் சொல்பவனும் உண்மை சொல்பவனும் சேர்ந்தே திரும்புவார்கள். அதில்கூட, செல்வாக்குள்ள பொய்யன் ஒரு போன் போட்டு உள்ளே போய்விடுவான்.

ஆள் பற்றாக்குறை பற்றிய ஆட்சேபமும் உண்மையே. பந்தோபஸ்து, தேர்தல், கோயில் திருவிழா, தலைவர் வருகை என்று ஒரு நிலையத்தின் ஆட்கள் பாதி நேரம் நிலையத்திலேயே இருப்பதில்லை. ஆனால் எழுதாத வேலைக்கு யார் ஆள் தருவார்கள்? ஒரு பகுதியில் மாதம் நாற்பது பறிப்பு நடந்து நான்கு மட்டும் பதிவானால், நான்குக்குரிய ஆளும் ரோந்தும்தான் அங்கே வரும். குறைத்துக் காட்டும் நிலையம் தன் வேலைப்பளுவைத் தானே மறைத்துக்கொள்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் நம்மிடமிருந்தே வருகிறது: “பொருள் கிடைச்சாப் போதும், கேஸ் எதுக்கு?” சி.எஸ்.ஆர். போட்டு எதிர் ஆளைக் கூப்பிட்டு மிரட்டினால் பணம் வந்துவிடுகிறது. வழக்கு என்றால் வருடக்கணக்கு. பலருக்கு இது பலித்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இது நீதியின் குறுக்குவழி என்பதைவிட, எஸ்.ஐ. மேசையில் நடக்கும் கட்டப்பஞ்சாயத்து என்பதே சரி. எதிர்த்தரப்பு எளியவனாக இருந்தால் பணம் வரும். வலியவனாக இருந்தால் உங்களையே சமாதானமாகப் போகச் சொல்வார்கள். அந்த மேசையில் நடந்ததற்கு எழுத்துச் சாட்சி எதுவும் இருக்காது. தவிர, பைக் கிடைக்காவிட்டால் காப்பீட்டு நிறுவனம் எஃப்.ஐ.ஆரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் கேட்கும். சி.எஸ்.ஆரைக் காட்டினால் நகர மாட்டார்கள்.

இணைய மோசடியிலும் இதே பள்ளம்தான். பணம் போனது தெரிந்தவுடன் 1930க்குப் பேச வேண்டும். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் தாவுவதற்குள் வங்கிகளைக் கொண்டு முடக்கவே அந்த ஏற்பாடு. மணிக்கணக்கில் முடிகிற ஆட்டம் அது, விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் போயிற்று. ஆனால் 1930இல் கிடைக்கும் ஒப்புகை எண்ணும் எஃப்.ஐ.ஆர். அல்ல. அதோடு நின்றுவிடாமல், வழக்கு எண் என்ன ஆயிற்று என்று பின்னால் போக வேண்டும்.

புகாரை எழுதும்போது சட்டப் பிரிவுகளைப் போட்டு மேதாவித்தனம் காட்ட வேண்டியதில்லை, அது அவர்கள் வேலை. எப்போது, எங்கே, என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் பார்த்தார்கள் என்பதை நடந்த வரிசையில் எழுதுங்கள். போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண், வண்டி என்றால் இன்ஜின், சேசிஸ் எண். தாமதமாகப் போயிருந்தால் ஏன் தாமதம் என்பதை ஒரு வரி சேருங்கள், வழக்கறிஞர்கள் முதலில் கொத்துவது அந்த இடத்தைத்தான். கோபத்தில் நடக்காததைச் சேர்க்காதீர்கள். ஒரு பொய் மற்ற ஒன்பது உண்மையையும் கெடுத்துவிடும். ரைட்டர் எழுதியதை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். பறித்ததைத் தொலைந்ததாக எழுதச் சொன்னால், “நடந்ததைத்தான் எழுதுவேன் சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சண்டை போட வேண்டாம். நிலையத்தில் குரல் உயர்த்தி ஜெயித்தவர் குறைவு.

மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்பலாம் என்கிறது 173(4). அங்கும் அசைவு இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு, கூடவே உறுதிமொழிப் பத்திரம். விசாரிக்கச் சொல்லி உத்தரவிட 175(3) அவருக்கு அதிகாரம் தருகிறது. நேரே உயர் நீதிமன்றத்துக்கு ஓடாமல் இந்த வழியில் போங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2007இல் சாகிரி வாசு வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்குப் பதிவான பிறகு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பதும் இப்போது அவர்கள் கடமை.

வீட்டு அலமாரியில் பழைய சி.எஸ்.ஆர். ரசீது ஏதாவது கிடந்தால் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டிய விஷயம் அதில் இருந்தால், ரசீதின் நகலை இணைத்து எஸ்.பி.க்கு ஒரு தபால் அனுப்புங்கள். தபால் செலவு ஒரு வேளை டிபன் காசுக்குள் அடங்கும்.